மேனிங் ரேஞ்சர்ஸ்: ஒரு பேட்டை அணியின் லீக் இடம் எப்படிக் கைமாறியது

தென்னாப்பிரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கான பிரீமியர் சாக்கர் லீக் (பிஎஸ்எல்) 1996இல் தொடங்கியது. முதல் பருவத்தில் கோப்பை யாருக்கு என்று அன்று யாரைக் கேட்டிருந்தாலும் கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரட்ஸ், மாமெலோடி சன்டவுன்ஸ் என்ற மூன்று பெயர்களில் ஒன்றைத்தான் சொல்லியிருப்பார்கள். மொத்தம் பதினெட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டங்கள். 1997இல் எல்லாம் ஆடி முடிந்தபோது பட்டியலில் முதலிடத்தில் இருந்தது டர்பனின் மேனிங் ரேஞ்சர்ஸ். 1928இல் ஜி.ஆர். நாயுடு தொடங்கிய அணி அது. டர்பன் இந்தியர்களின் அணி, டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தின் மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்ட அணி.

பத்து வருடம் கழித்து, 2007இல், அந்த அணிக்கு லீக்கில் இருந்த இடம் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி கேப் டவுனில் வேறொரு பெயரில் இருந்தது. சாட்ஸ்வொர்த்தில் மிஞ்சியது மைதானம் மட்டும்தான்.

நான் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய அணிக்குச் செயலாளராக இருக்கிறேன். உள்ளூர் சங்கத்தின் லீக்கில் ஆடுகிறோம். மேல் பிரிவுக்கு ஏறினால் என்ன செய்வது என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ரேஞ்சர்ஸ் கதையை எடுப்பார்கள். "காசு போச்சு, டீம் போச்சு" என்று இரண்டு வரியில் முடித்தும் விடுவார்கள். காசு போனது உண்மைதான். ஆனால் காசு போன அணிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவை கீழ்ப்பிரிவுக்கு இறங்கும், திண்டாடும், சில சமயம் மறுபடி ஏறும். ரேஞ்சர்ஸுக்கு நடந்தது வேறு. அதைப் புரிந்துகொள்ளாமல் எந்தப் பேட்டை அணியும் மேலே ஏற ஆசைப்படுவது ஆபத்து என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த ஆய்வு.

ஏணியின் அமைப்பு

முதலில் லீக் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் பிரீமியர் பிரிவு. இப்போது 16 அணிகள், 2002 வரை 18. அதன் கீழே பழைய ஆட்கள் நேஷனல் ஃபர்ஸ்ட் டிவிஷன் என்று சொல்லும் இரண்டாம் பிரிவு, அதிலும் 16. இந்த இரண்டையும் நடத்துவது பிஎஸ்எல். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தேசியச் சங்கமான சாஃபாவின் பொறுப்பு. மாகாணத்துக்கு ஒன்றாக ஒன்பது ஏபிசி மொட்செபே லீக்குகள் (2014க்கு முன்னால் வோடாகாம் லீக்), அவற்றின் கீழ் 52 பிராந்தியங்களின் லீக்குகள் (எங்கள் பக்கம் இன்னும் எஸ்ஏபி லீக் என்றே சொல்கிறோம்), அதற்கும் கீழே எங்களைப் போன்ற உள்ளூர் சங்க அணிகள்.

பிரீமியர் பிரிவில் கடைசியில் வருகிற அணி நேராக இறங்கும். இரண்டாம் பிரிவை வென்ற அணி நேராக ஏறும். பிரீமியரில் பதினைந்தாவதாக வந்த அணியும், இரண்டாம் பிரிவில் இரண்டாவது, மூன்றாவதாக வந்த அணிகளும் பிளேஆஃப் ஆடி இன்னொரு இடத்தைத் தீர்மானிக்கும். இரண்டாம் பிரிவின் கடைசி இரண்டு அணிகள் மாகாண லீக்குக்கு இறங்கும். அந்த இரண்டு இடங்களுக்குத்தான் ஒன்பது மாகாணங்களின் வாகையரும் ஒரே ஊரில் கூடி மோதுவார்கள். இறுதியாட்டத்துக்கு வரும் இருவருக்கே புரொமோஷன். எங்கள் குவாசூலு-நடால் மாகாணத்திலிருந்து மேலே போக வேண்டுமென்றால் மாகாணத்தை வென்றால் மட்டும் போதாது, நாட்டின் மற்ற எட்டு வாகையரில் ஏழு பேரையாவது பின்தள்ள வேண்டும். வருடம் முழுக்க முதலிடத்தில் இருந்துவிட்டு அந்த ஒரு வாரத்தில் இரண்டு ஆட்டம் சறுக்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இது ஆடி ஏறும் வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. மேலே இருக்கிற ஒரு அணியின் இடத்தை, இங்கே எல்லாரும் ஸ்டேட்டஸ் என்று சொல்வதை, பணம் கொடுத்து வாங்கிவிடலாம். லீக் நிர்வாகம் ஒப்புக்கொண்டால் போதும். பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், ஆட்டக்காரர்களை மாற்றலாம். வாங்கியவர் கீழ்ப்பிரிவில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்க வேண்டியதில்லை.

பேட்டையிலிருந்து லீக் வரை

ரேஞ்சர்ஸ் போன்ற ஒரு அணி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அது போனபோது போனது என்ன என்பது புரியும். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். 1903இலேயே தென்னாப்பிரிக்க இந்தியக் கால்பந்துச் சங்கம் இருந்தது. கிம்பர்லியைச் சேர்ந்த சாம் சைனா கொடுத்த கோப்பைக்காக மாகாணங்களின் இந்திய அணிகள் மோதிக்கொண்டன. டர்பனில் நகராட்சித் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த மேகசின் பாரக்ஸில் கோயில், கூத்து, கால்பந்து மூன்றும் ஒன்றாகத்தான் வளர்ந்தன. பெரிய ஆட்டங்களுக்குக் கரீஸ் ஃபவுண்டன். இன்றும் எழுபது வயது தாண்டிய தமிழர் யாரிடமாவது அந்த மைதானத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு லேசில் முடியாது.

அப்புறம் 1950இன் குழுப் பகுதிச் சட்டம். கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் குடும்பங்களைக் கிளப்பி 1960களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தெருவுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். யூனிட் இன்னது, ரோடு இன்னது. அண்டை வீட்டார் யார் என்றே தெரியாத இடத்தில் மக்கள் முதலில் திரும்பக் கட்டியவற்றில் கோயிலும் கால்பந்து அணியும் உண்டு.

அரசியலும் கூடவே வந்தது. 1951இல் ஆப்பிரிக்க, கலப்பின, இந்தியக் கால்பந்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. 1961இல் அதன் கீழ் நிறபேதம் பார்க்காத லீக் ஒன்று பிறந்தது. ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும், ஆனால் எல்லாருக்கும் வேறு வேலையும் உண்டு. டர்பனின் அவலான் அத்லெடிக்கும் ஜோகன்னஸ்பர்க்கின் அணிகளும் அதில் மோதின. வெள்ளையர் சங்கம் நகராட்சிகளை நெருக்கி மைதானம் கிடைக்காமல் செய்தது. 1963இல் ஜோகன்னஸ்பர்க் நடால்ஸ்பிரைட் மைதானத்தைப் பூட்டிவைத்தபோது ரசிகர்கள் வேலியேறி உள்ளே போனார்கள், கோல்போஸ்ட்டையும் கொண்டுவந்து நட்டார்கள், ஆட்டம் நடந்தது. இருந்தாலும் மைதானம் இல்லாமல் எத்தனை நாள் லீக் நடத்த முடியும்? 1966இல் அது நின்றுபோயிற்று. 1960களின் கடைசியில் கூட்டமைப்பு மறுபடி ஒரு தொழில்முறை லீக்கைத் தொடங்கி 1990 வரை ஓட்டியது. ரேஞ்சர்ஸ் வளர்ந்தது அந்தப் பாதையில்தான்.

அந்தக் கால லீக்கில் விளம்பரதாரர் குறைவு, வருமானம் குறைவு, ஆட்டக்காரர் பகலில் தையல் பட்டறையிலோ சர்க்கரை ஆலையிலோ வேலை பார்த்தார். ஆனால் அணியின் இடத்தை யாரும் விலைக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்கு விலை இல்லை. நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் அதே தெருக்காரர்கள். அணியைக் கேப் டவுனுக்குக் கொண்டுபோகிறேன் என்று ஒருவர் சொன்னால் சிரித்திருப்பார்கள். அந்தப் பாதுகாப்பை எந்த விதியிலும் யாரும் எழுதிவைக்கவில்லை. எழுத வேண்டிய தேவை வரவில்லை. இந்தக் கதையில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். பழக்கமாக இருந்த ஒரு காப்பு, பணம் வந்தபோது சட்டமாக இல்லை.

1996–97

1991இல் சங்கங்கள் ஒன்றிணைந்தன, 1992இல் ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை மறுபடி சேர்த்துக்கொண்டது. பழைய கூட்டமைப்பு அணிகள் சீஃப்ஸ், பைரட்ஸ் என்ற சோவெட்டோ ஜாம்பவான்களோடு ஒரே களத்துக்கு வந்தன. பெரும்பாலானவை கரைந்துபோயின. ரேஞ்சர்ஸ் தாக்குப்பிடித்தது. கார்டன் இகெசுண்ட் பயிற்சியாளராக வந்தார். பிற்பாடு நான்கு வேறு வேறு அணிகளை லீக் வாகையாக்கியவர் என்று பெயரெடுத்தவர் அவர். அந்த நான்கில் முதலாவது ரேஞ்சர்ஸ். ஜார்ஜ் கூமன்டராகிஸ், கிளின்டன் லார்சன் போன்றவர்கள் ஆடிய அந்த அணியில் இந்தியர், சூலுக்கள், வெள்ளையர், கலப்பினத்தவர், அண்டை நாட்டவர் எல்லாரும் இருந்தார்கள். பெயர் இந்தியர் அணி, ஆடியது ஊர் முழுக்க. பழைய கூட்டமைப்பு கனவு கண்டது இதைத்தான்.

1998இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் குழுச் சுற்று வரை போனார்கள். கசாபிளாங்காவின் ராஜா, அபிஜானின் ஆசெக் மிமோசாஸ், தார் எஸ் சலாமின் யங் ஆப்பிரிக்கன்ஸ் ஆகியவை அவர்கள் குழுவில். சாட்ஸ்வொர்த் அணி ஒன்று கசாபிளாங்கா அணியோடு மோதியது என்று இன்றைய பையன்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இறக்கமும் விற்பனையும்

உச்சிக்குப் போன சிறு அணிக்கு என்ன நடக்குமோ அது நடந்தது. நல்ல ஆட்டக்காரர்களுக்கு வெளியிலிருந்து அழைப்பு வந்தது. கூமன்டராகிஸ் சுவிட்சர்லாந்துக்குப் போனார், பயிற்சியாளரும் போனார். சீஃப்ஸுக்கும் பைரட்ஸுக்கும் நாடு முழுக்க ரசிகர்கள் உண்டு. டர்பனில் ஆடினாலும் பாதி மைதானம் அவர்கள் பக்கம்தான். ரேஞ்சர்ஸுக்கு டிக்கெட் வசூல் என்று சொல்லும்படி வந்ததே அந்தப் பெரிய அணிகள் ஊருக்கு வரும் நாட்களில். மற்ற நாட்களில் சாட்ஸ்வொர்த்துக்காரர்களே வீட்டில் உட்கார்ந்து டிவியில் லிவர்பூலையும் மான்செஸ்டர் யுனைடெட்டையும் பார்த்தார்கள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நம் அணி நலிந்ததில் காலியான நம் இருக்கைகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதும் சரியில்லை.

2002இல் பிரீமியர் பிரிவை 18இலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். எப்படிக் குறைத்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. இரண்டு அணிகளை ஆட்டத்தின் வழியாக இறக்காமல், ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸ், ரியா ஸ்டார்ஸ் என்ற இரண்டு அணிகளின் இடங்களை லீக்கே பணம் கொடுத்து வாங்கி ஒழித்தது. லீக்கில் ஒரு இடம் என்பது வாங்கி விற்கும் சொத்துதான் என்று நிர்வாகமே தன் செயலால் உறுதி செய்த தருணம் அது. அதற்குப் பிறகு தனியார் அதே வியாபாரத்தைச் செய்தால் நிர்வாகம் எந்த முகத்தோடு தடுக்கும்?

புத்தாயிரம் பிறந்த சில வருடங்களுக்குள் ரேஞ்சர்ஸ் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இறங்கியதில் தவறில்லை. இறக்கம் என்பது இந்த அமைப்பின் உயிர். இறங்கிய அணி கீழே இருந்து தன்னைச் சீர்செய்துகொண்டு திரும்பும். ஆனால் கடன் கழுத்தை நெரித்தபோது, அணியிடம் விற்பதற்கு இருந்த ஒரே பொருள் இரண்டாம் பிரிவில் அதற்கிருந்த இடம். மைதானம் நகராட்சியுடையது. ஆட்டக்காரர்களோ ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்கள். 2006இல் கேப் டவுனைச் சேர்ந்த ஃபிடென்ஷியா என்ற நிதி நிறுவனம் அந்த இடத்தை வாங்கியது. அணி ஃபிடென்ஷியா ரேஞ்சர்ஸ் ஆகிக் கேப் டவுனுக்குப் போனது.

அந்த நிறுவனத்தின் கதை இங்கே எல்லாருக்கும் தெரிந்ததே. 2007 பிப்ரவரியில் அதை நீதிமன்றப் பொறுப்பாளர்களின் கையில் ஒப்படைத்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் சேரவேண்டிய அறக்கட்டளைப் பணம் காணாமல் போயிருந்தது. அந்தக் குடும்பங்கள் இழந்ததற்கு முன்னால் ஒரு கால்பந்து அணியின் இழப்பு சின்னது. ஆனாலும் ரேஞ்சர்ஸ் கதையின் ஒரு பகுதி இது: 1928இலிருந்து ஊர் வளர்த்த ஒன்று, ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாகி, அது விழுந்தபோது கூடவே விழுந்தது. அதே ஆண்டில் இடம் மறுபடி கைமாறி, இகாபா ஸ்போர்ட்டிங் என்று பெயர் மாறியது. ரேஞ்சர்ஸ் என்ற சொல்லும் போயிற்று.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 2007இல்தான் பிஎஸ்எல் சூப்பர்ஸ்போர்ட் தொலைக்காட்சியோடு ஐந்து வருடத்துக்கு 160 கோடி ராண்ட் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. லீக் இடத்தின் மதிப்பு அதன் பிறகு வேறு உயரத்துக்குப் போய்விட்டது. பேட்டை அணி தன் இடத்தை இழந்தது, அந்த இடத்துக்கு உண்மையான விலை வருவதற்கு ஒரு வருடம் முன்னால்.

இது ஒரு அணியின் கதை மட்டும்தானா?

இல்லை. எங்கள் மாகாணத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். 2016–17இல் ரிச்சர்ட்ஸ் பேயின் தாண்டா ராயல் சூலு இரண்டாம் பிரிவை வென்றது. அடுத்த வருடம் பிரீமியர் பிரிவில் ஆடியது அவர்கள் அல்ல, அமசூலு. தாண்டா வென்ற இடத்தை அமசூலு வாங்கிவிட்டது. அமசூலு பழம்பெரும் அணி, மேலே இருக்க வேண்டிய அணிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தாண்டாவுக்காக அந்த வருடம் கோல் போட்ட பையன்?

2020இல் நூறு வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்த பிட்வெஸ்ட் விட்ஸின் இடம் லிம்போபோ மாகாணத்துக்குப் போனது. 2021இல் ப்ளூம்ஃபான்டைன் செல்டிக்கின் இடத்தை டர்பனைச் சேர்ந்த ராயல் ஏஎம் வாங்கியது. இந்தக் கடைசி நிகழ்வைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தில் ராயல் ஏஎம் இரண்டாம் பிரிவில் முதலிடத்துக்காக செகுகுனே யுனைடெட்டோடு போட்டியிட்டது. இரண்டாம் பிரிவில் 23 வயதுக்குட்பட்டவர்களை அணியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பொலொக்வானே சிட்டி செகுகுனேவோடு ஆடிய ஒரு ஆட்டத்தில் அதை மீறியதாகச் சொல்லி நடுவர் தீர்ப்பாயம் செகுகுனேவுக்கு மூன்று புள்ளி கொடுத்தது. பட்டியல் மாறியது, செகுகுனே வாகை. ராயல் ஏஎம் நீதிமன்றத்துக்குப் போனது, பிளேஆஃப் ஆட மறுத்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? செல்டிக்கின் இடத்தை வாங்கிக்கொண்டு அதே வருடம் பிரீமியர் பிரிவுக்குப் போய்விட்டது. களத்தில் இல்லாவிட்டால் தீர்ப்பாயத்தில், அதுவும் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கில். ப்ளூம்ஃபான்டைன் நகரத்தில் சிவெலெலே என்று பாடிக்கொண்டிருந்த ஒரு ரசிகர் கூட்டம் ஒரே இரவில் அணியற்றுப் போனது. 2025இல் வரிக்கடன் சிக்கலில் லீக் ராயல் ஏஎம்மை வெளியேற்றியது. செல்டிக் 1969இல் தொடங்கிக் கட்டிய இடம் இன்று யாரிடமும் இல்லை.

மாரிட்ஸ்பர்க் யுனைடெட் 2023இல் இறங்கி, 2024இல் பெயரை மாற்றி டர்பன் சிட்டி ஆகி, 2024–25இல் இரண்டாம் பிரிவை வென்று ஏறியதும் இந்த வரிசையில் வரும், ஆனால் வித்தியாசம் உண்டு. அவர்கள் ஆடித்தான் ஏறினார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு அது ஆறுதலாக இருக்காது என்பதும் தெரியும்.

கீழ்ப்படியில் இது எப்படித் தெரிகிறது

மேலே நடக்கும் வியாபாரம் கீழே உள்ள அரைத் தொழில்முறை அணியை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்கலாம். ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன்.

காலையில் மைதானக் கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட ஆள் வரவில்லையென்றால் நாமே போட வேண்டும். ரெஃப்ரி வந்ததும் முதல் வேலை அட்டை சரிபார்ப்பு. ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள், மைசாஃபா பதிவில் உள்ள படத்தையும் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எங்கள் கோல்கீப்பர் கிடங்கில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வருவார், இரும்பு நுனி வைத்த வேலை பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆட்ட பூட்ஸ் மாட்டுவார். ரெஃப்ரி கட்டணம் ஆட்டம் தொடங்கும் முன்னே ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விசில் ஊதமாட்டார், புள்ளி எதிரணிக்கு. எதிரணி உம்லாசியிலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ வாடகை கோம்பியில் வரும். பதினைந்து பேர் உட்காரும் வண்டியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் எண்ணுவதில்லை.

இது உள்ளூர் லீக். பிராந்திய லீக்குக்கு ஏறினால் ஈத்தேக்வினி என்ற டர்பன் மாநகரம் முழுக்கச் சுற்ற வேண்டும். மாகாண லீக்குக்கு ஏறினால் நியூகாசில், உலுண்டி, கோக்ஸ்டாட். நியூகாசில் போய்வர மட்டும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். முதல் நாளே கிளம்பித் தங்க வேண்டும், வேலைக்குப் போகும் ஆட்டக்காரர் லீவு போட வேண்டும், போட்ட லீவுக்கு நாம் ஏதாவது கொடுக்க வேண்டும். மாகாண லீக்கைத் தேசிய அளவில் வெல்லும் அணிக்குப் பத்து லட்சம் ராண்ட் பரிசு உண்டு. ஒன்பது மாகாணங்களின் நூற்றுக்கும் மேற்பட்ட அணிகளில் அது ஒன்றே ஒன்றுக்கு. மற்ற எல்லாரும் பருவம் முடியும்போது கடனில்தான் இருப்பார்கள்.

அப்போதுதான் ஒருவர் வருவார். கார் நன்றாக இருக்கும். "உங்க கடனை நான் பாத்துக்கறேன், பேப்பரை மட்டும் என் பேருக்கு மாத்துங்க" என்பார். மேலே ஸ்டேட்டஸ் வாங்குவது சாதாரணமானபோது கீழேயும் அதே பழக்கம் இறங்கிவிட்டது. பருவம் முழுக்க ஆடி ஏறுவதைவிட ஏறிய அணியை வாங்குவது மலிவு என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு சரிதான் என்பதுதான் வேதனை. ஒரு பருவத்தின் செலவும் உழைப்பும் தோற்கும் அபாயமும் சேர்த்துப் பார்த்தால் வாங்குவது லாபம். அப்படியானால் ஆடுவது எதற்கு?

கரீஸ் ஃபவுண்டனில் ஆடிய ஒரு மாமா எங்கள் ஆட்டங்களுக்குத் தவறாமல் வருவார். அவரிடம் ஒருநாள் ரேஞ்சர்ஸ் பற்றிக் கேட்டேன். "தம்பி, எங்க காலத்துல டீம் இருந்துச்சு, கிரவுண்டு குடுக்க மாட்டேன்னாங்க. இப்போ கிரவுண்டு இருக்கு, டீமைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். ஆய்வு என்று நான் எழுதிக்கொண்டிருப்பதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

வேறு இடங்களில்

இதே கொடுமை இங்கிலாந்தில் ஒருமுறை நடந்தது. தெற்கு லண்டனின் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்ற 2002இல் அனுமதி கிடைத்தது. 2004இல் பெயரும் மாறியது. ரசிகர்கள் அணி நம்முடையது, இடம் மட்டும்தான் அவர்களுடையது என்று முடிவெடுத்து 2002இலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாகத் தொடங்கினார்கள். ஒன்பதாம் படியிலிருந்து ஆடி ஆடி ஏறினார்கள். 2011இல் தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள், 2020இல் பழைய பேட்டைக்கே புது மைதானத்தோடு திரும்பினார்கள். அணி இன்றும் ரசிகர்களின் அறக்கட்டளைக்குச் சொந்தம். ஜெர்மனியில் அணியின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது பொது விதி, விலக்குகள் சிலதான்.

ரேஞ்சர்ஸ் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் கீழ்மட்டத்தில் மறுபடி தொடங்கினார்கள். ஆனால் விம்பிள்டனில் இருந்த இரண்டு விஷயங்கள் நம்மிடம் இல்லை. அங்கே ஐந்தாம், ஆறாம் படியிலும் டிக்கெட் வாங்கிப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அங்கே ஒவ்வொரு படியும் அடுத்த படியோடு ஓரளவு சீராக இணைந்திருந்தது. இங்கே மாகாண வாகைக்கும் இரண்டாம் பிரிவுக்கும் நடுவே ஒரு வார அதிர்ஷ்டம் குறுக்கே நிற்கிறது. ஆடி ஏறும் வழி இவ்வளவு குறுகலாக இருப்பதும் வாங்கி ஏறும் வழி அகலமாக இருப்பதும் தனித்தனி விஷயங்கள் இல்லை. ஒன்பதுக்கு இரண்டு என்பதை ஒன்பதுக்கு மூன்றாகவோ நான்காகவோ ஆக்கினாலே ஸ்டேட்டஸின் விலை இறங்கும் என்பது என் கணிப்பு.

நாங்கள் செய்ததும் கேட்பதும்

மேலே உள்ள விதிகளை மாற்ற எங்களால் உடனே முடியாது. சொந்த வீட்டில் செய்ய முடிந்ததைச் செய்தோம். எங்கள் அணி உறுப்பினர் சங்கமாகப் பதிவானது, கம்பெனி அல்ல. சங்க விதிகளில் அதுவரை அணியின் லீக் இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை. அந்த இடத்தை லேசில் விற்க முடியாதபடி ஒரு விதியைச் சேர்த்தோம். பொதுக்குழுவில் விவாதம் சூடாகத்தான் நடந்தது. "நாளைக்கு நல்ல ஸ்பான்சர் வந்தா இது தடையா நிக்கும்" என்று இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதனால் ஸ்பான்சருக்குச் சட்டையிலும் பெயரின் முன்னொட்டிலும் இடம் கொடுக்கலாம், உரிமையில் கொடுக்கக் கூடாது என்று பிரித்து எழுதினோம். கடனுக்கும் வரம்பு வைத்தோம். நிர்வாகக் குழு தானாக வாங்கக்கூடிய கடன் அந்தப் பருவத்தின் சந்தா வருமானத்தைத் தாண்டக் கூடாது. ரேஞ்சர்ஸ் கதையில் விற்பனைக்கு முந்திய படி கடன்தான் என்பதால் இதைச் சேர்த்தோம்.

சாஃபாவின் பிராந்திய நிர்வாகத்துக்கு இரண்டு கோரிக்கை எழுதியிருக்கிறோம். ஒன்று, அணியை யார் வாங்கினாலும் ஐந்து பருவங்களுக்கு அதே பிராந்தியத்தில் அதே பெயரில் ஆட வேண்டும். முடியாதென்றால் அந்த இடம் ரத்தாகி, அதற்குக் கீழ்ப்பிரிவில் அடுத்ததாக வந்த அணிக்குப் போக வேண்டும். இரண்டு, விற்பனை பேச்சு தொடங்கினாலே உறுப்பினர்களுக்கும் பதிவான ஆட்டக்காரர்களுக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

எங்கள் விதியின் வாசகத்தை அப்படியே தருகிறேன். எடுத்துக்கொள்ள விரும்பும் அணிகள் பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளலாம்: "எந்த லீக்கிலும் இச்சங்கத்துக்குக் கிடைக்கும் இடம் உறுப்பினர் அனைவருக்கும் பொதுவானது. அதை விற்கவோ, அடமானம் வைக்கவோ, சாட்ஸ்வொர்த்துக்கு வெளியே மாற்றவோ நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. முப்பது நாள் முன்னறிவிப்போடு கூட்டிய பொதுக்குழுவில் மொத்த உறுப்பினரில் முக்கால் பங்கினர் நேரில் வந்து வாக்களித்தால் மட்டுமே இந்த விதியை மாற்றலாம்."